பைப்பும் பர்ஸும்

கேள்வி: ஃபேக்டரியில் செய்த புகைபிடிக்கும் பைப்புகளில், பர்ஸைக் கடிக்காத விலையில் உங்களுக்குப் பிடித்தது எது?

பதில்: பீட்டர்சன். அயர்லாந்து டப்ளின்காரர்கள். 1890-ல் காப்புரிமை வாங்கிய அவர்களுடைய 'சிஸ்டம்' பைப்பில், புகை போகும் வழிக்குக் கீழே சின்னதாக ஒரு குழி. ஈரமெல்லாம் அதில் தங்கிவிடும். வாயில் வைக்கும் பகுதியின் துளையும் மேல்நோக்கி இருப்பதால் புகை நேராக நாக்கில் போய் அடிப்பதில்லை. இத்தாலியின் சவினெல்லி இதே வேலைக்கு பால்சா மரத்துண்டு ஒன்றைச் செருகுகிறது. அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நமக்கு அவ்வளவு பொறுமை ஏது?

இதுவும் கட்டுப்படியாகாது என்றால், அமெரிக்காவின் மிசௌரியில் 1869 முதல் முத்து உதிர்த்த மக்காச்சோளக் கதிரில் பைப் செய்கிறார்கள். சில டாலர்தான். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க ஜெனரல் மக்கார்தர் பல்லில் கடித்துக்கொண்டிருந்தது இந்த ஜாதிதான். சோளத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தையும் காசாக்கிய சாமர்த்தியம்! (புற்றுநோய் மட்டும் விலை பார்த்து வருவதில்லை.)

மரப் பைப் வாங்கும்போது பாலிஷில் மயங்காதீர்கள். அதற்கு அடியில் மரத்தின் ஓட்டைகளுக்கு மக்கு அடித்திருப்பார்கள். பைப் கிளீனரை வாய்ப்பக்கம் நுழைத்துப் பாருங்கள். இடிக்காமல் கிண்ணத்தின் அடியில் எட்டிப்பார்த்தால் எடுத்துக்கொள்ளலாம். நான் சிபாரிசு செய்த சிஸ்டம் பைப் பெரும்பாலும் இந்தப் பரீட்சையில் ஃபெயில்; கிளீனர் அந்தக் குழியில் போய் இடித்துக்கொள்ளும்!