இன்னும் எம்புட்டு நேரம்: கால அளவை எழுதிக்காட்டும் நெறி பற்றி ஓர் ஆராய்ச்சி

கணினி நிரலில் கால அளவை எங்ஙனம் எழுதிக்காட்டுவது என்னும் பெரும்பொருளை முன்னோர் விரியாது விட்டமையின், யாம் விரிக்கப் புகுந்தோம். ஆய்வுக் களம் வாசுதேவநல்லூர் பஸ் நிறுத்தம். கருவி, கைப்பேசிச் செயலி ஒன்று, பெயர் வேண்டாம்.

மதுரை வண்டி வர இன்னும் எவ்வளவு நேரம் என்பது வினா. மெய்யான விடை பத்து நிமிடம். செயலி காட்டியதோ 05:40:00. என்னை காரணம் எனின், கணினி 1970 ஜனவரி 1, உலகப் பொது நேர நள்ளிரவிலிருந்து காலத்தை எண்ணுவது. நிரலாளர் பத்து நிமிடத்தை அளவாகக் கொள்ளாது, அந்நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் பிந்திய பொழுதாகக் கொண்டுவிட்டார். அப்பொழுது இந்தியாவில் காலை மணி 5.40. லண்டனில் சோதித்திருந்தாலும் தப்பியிரார். பிரிட்டன் அந்த ஆண்டு முழுதும் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைத்திருந்தது. ஐஸ்லாந்துக்காரர் போன்றோர்க்கு விடை சரியாக வரும். அவர்க்கு மதுரை வண்டியால் பயனில்லை.

அற்றேல், ஐந்தரை மணியைக் கழித்தால் தீராதோ எனின், தீராது. 25 மணி நேரப் பயணம் கடிகாரத்தில் 01:00 என நிற்கும்.

ஐஎஸ்ஓ 8601 தரநிலையைச் சரணடைவோரும் உளர். அதில் ‘பிடி10எம்’ பத்து நிமிடம். நடுவிலுள்ள டி உதிர்ந்தால் பத்து மாதம். எழுத்துப் பிழையை வாத்தியார் பொறுப்பார், பயணி பொறார்.

இனிப் புள்ளி வழு. 1.5 மணி என்பதை ஒரு மணி அஞ்சு நிமிடம் என்றெல்லாம் படிப்பாரைக் கண்டுளோம். முகூர்த்தத்துக்கு மூன்றேமுக்கால் நாழிகை என்றவர்க்கு இத்தொல்லை இல்லை. அது ஒன்றரை மணி. ராகு காலத்தின் நீளமும் அதுவே. காலும் அரையும் முக்காலும் வாயால் வழங்கியமையின் புள்ளிக்கு அங்கே வேலையில்லை.

நிறுத்தத்து டீக்கடை வழக்கு வேறு: “புளியங்குடி தாண்டிட்டு அண்ணாச்சி, இந்தா வந்துரும்.” இதில் எண்ணே இல்லை, ஆகவே பிழையும் இல்லை. ‘இந்தா’வின் மேல்வரம்பை யாம் அளக்க முயன்றோம், அதற்குள் வண்டி வந்துவிட்டது.

நிரலாளர்க்கு எம் பரிந்துரை: கால அளவை வெறும் விநாடிகளாகவே வைத்திருங்கள். முதலில் முழு எண்ணாக்கி, அதன்பின் மணி, நிமிடம் எனப் பிரியுங்கள். மாற்றிச் செய்தால் ‘9 நிமிடம் 60 விநாடி’ என்னும் விந்தை பிறக்கும். கடிகாரத்தை அண்டவிடாதீர்கள். மதுரைக்குப் போகிறவர்கள் டீக்கடையில் கேளுங்கள்.