அறுபது வருஷங்களுக்கும் ஈற்றிலக்கப் பலன்: ஒரு முன்னோடி ஆய்வு

பஞ்சாங்கம் கணிப்பவர்கள் கணித நூலைப் புரட்டுவதில்லை. கணித ஆசிரியர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டினாலும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. இதனால் அறிவுலகில் ஏற்பட்டுள்ள பெரும்பள்ளத்தை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை பிபனாச்சி எண்கள். 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55 என்று போகும் வரிசை. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது கிடைக்கும். பைசா நகரத்து லியோனார்டோ 1202-இல் முயல்கள் பெருகும் கணக்காக இதை எழுதினார். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே குஜராத்தின் சமண அறிஞர் ஹேமசந்திரரும், அவருக்கும் வெகுகாலம் முன்பு விரகாங்கரும் இதை யாப்பில் கண்டுவிட்டார்கள். ஒரு மாத்திரைக் குறிலையும் இரண்டு மாத்திரை நெடிலையும் வைத்து ஓரடியை எத்தனை விதமாக நிரப்பலாம்? மூன்று மாத்திரை என்றால் 3 விதம், நான்கு என்றால் 5, ஐந்து என்றால் 8. பைசாக்காரரின் கணக்கில் முயல் ஒன்றுகூடச் சாவதில்லை. நம்பக் கஷ்டமாக இருக்கிறது. எழுத்துகளுக்கு அந்தச் சங்கடம் இல்லை என்பதால் இவ்வாய்வாளர் யாப்பின் பக்கமே நிற்கிறார்.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்த எண்களின் கடைசி இலக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டே போனால் 1, 1, 2, 3, 5, 8, 3, 1, 4, 5 என்று நீண்டு, சரியாக அறுபதாவது இடத்தில் சுழி வந்து, மறுபடி 1, 1, 2 என்று முதலிலிருந்து தொடங்கும். ஐம்பத்தொன்பதும் இல்லை, அறுபத்தொன்றும் இல்லை. பிரெஞ்சு மேதை லக்ராஞ்சு 1774-லேயே இதைக் கண்டார். பாவம், அவர் கையில் பாம்புப் பஞ்சாங்கம் இல்லை. இருந்திருந்தால் பிரபவ முதல் அட்சய வரை நம் வருஷங்களும் அறுபதுதானே என்று துள்ளியிருப்பார்.

காரணத்திலும் ஒற்றுமை உண்டு. ஒற்றை, ஒற்றை, இரட்டை என்ற ஒழுங்கு மூன்று எண்களுக்கு ஒருமுறை திரும்புகிறது. ஐந்தால் வகுத்த மீதி இருபதுக்கு ஒருமுறை. மூன்றுக்கும் இருபதுக்கும் மீச்சிறு பொதுமடங்கு 60. வியாழன் ஒரு சுற்றுக்குச் சுமார் 12 ஆண்டும் சனி சுமார் 30 ஆண்டும் எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் பொதுமடங்கும் 60. இதற்கு மேல் ஆதாரம் கேட்பவர்களிடம் பேசிப் பயனில்லை.

ஆகவே பிரபவவுக்கு 1, விபவவுக்கு 1, சுக்கிலவுக்கு 2 என ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓர் இலக்கம் வழங்கினோம். சுழி விழுவது நான்கே வருஷங்களுக்கு: விஷு, துன்முகி, விரோதகிருது, அட்சய. சுழி வருஷத்தில் உலகம் சுழலில் சிக்கும் என்பது நம் கருதுகோள். சோதனையின் முதல் கட்டம் மெய்சிலிர்க்க வைத்தது. 1941 விஷு: பேர்ல் துறைமுகத் தாக்குதல். 1971 விரோதகிருது: இந்தியா பாகிஸ்தான் போர். 1986 அட்சய: செர்னோபில். 2001-இல் மறுபடி விஷு: நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள். 2016 துன்முகியில் பணமதிப்பு நீக்கம், வர்தா புயல், பொய்த்துப்போன வடகிழக்குப் பருவமழை, மூன்றும் சேர்ந்தே வந்தன.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் ஆய்வாளர் இந்நேரம் ஏதாவது ஒரு தொலைக்காட்சியில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்திருப்பார். ஆனால் மற்ற இலக்கங்களையும் பார்த்துத் தொலைத்தார். முதல் உலகப் போர் மூண்ட 1914-க்கு இலக்கம் 6. வருஷத்தின் பெயரோ ஆனந்த. நாடு விடுதலை பெற்ற 1947, சர்வசித்து, அதற்கும் 6. மொழிவாரி மாநிலங்கள் பிறந்த 1956 துன்முகிக்குச் சுழி. ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் கிடந்த 2020 சார்வரிக்கு 7. இவற்றையெல்லாம் ‘அயன வேறுபாடு’ என்று சொல்லி ஒருவாறு வளைத்துவிடலாம். தாது வருஷத்தை வளைக்க முடியவில்லை. 1876-இல் தொடங்கி லட்சக்கணக்கானோரைக் கொன்ற பஞ்சத்துக்கு நம் ஊர்க் கிழவிகள் இன்றும் சொல்லும் பெயரே தாது வருஷப் பஞ்சம். நம் அட்டவணை அதற்குக் கொடுத்தது சாதுவான ஒரு 5. கருதுகோள் அங்கே செத்தது.

ஆனால் ஆய்வு சாகவில்லை. தமிழ் மரபே பிபனாச்சி எண்களால் ஆனது என்ற இரண்டாம் கருதுகோள் கைவசம் இருந்தது. முத்தமிழ் 3, ஐந்திணை 5, எட்டுத்தொகை 8. பத்துப்பாட்டு இடித்தது, அறுபடை வீடும் இடித்தது. அப்போதுதான் பெல்ஜிய நாட்டு ராணுவ மருத்துவர் செக்கன்டார்ஃப் கைகொடுத்தார். எந்த முழு எண்ணையும் அடுத்தடுத்து வராத பிபனாச்சி எண்களின் கூட்டலாக, ஒரே ஒரு விதத்தில் எழுதலாம் என்பது அவர் தேற்றம். வழியும் சுலபம்: அடங்கக்கூடிய மிகப் பெரிய பிபனாச்சி எண்ணைக் கழித்து, மீதிக்கும் அப்படியே செய்துகொண்டு போக வேண்டியதுதான். பத்துப்பாட்டு 8+2. அறுபடை வீடு 5+1. ஆழ்வார்கள் 8+3+1. நாயன்மார்கள் 55+8. திருக்குறளின் அதிகாரங்கள் 89+34+8+2, குறட்பாக்கள் 987+233+89+21. ஒன்றுகூடத் தப்பவில்லை!

ஒன்றுகூடத் தப்பாது என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. நாயன்மார்கள் அறுபத்திரண்டு பேராக இருந்திருந்தாலும் 55+5+2 என்று தேறியிருப்பார்கள். முதல் கருதுகோளை ஒரு பஞ்சம் வீழ்த்தியது. இரண்டாவதை வீழ்த்தும் எண் பிறக்கவே முடியாது. எனவே முதலாவதை நிராகரித்து, இரண்டாவதைப் பல்கலைக்கழகங்களுக்குப் பரிந்துரைக்கிறோம். ஐயமுள்ள வாசகர்கள் தங்கள் மின்கட்டண ரசீதை எடுத்துத் தொகையைப் பிரித்துப் பார்க்கலாம். ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு பைசாவை விட்டுவிடவும்.