நால்விடை நாடு: அமெரிக்கக் குடியரசின் தோற்றம் குறித்து ஒரு புதிய கருதுகோள்

அமெரிக்கக் குடியரசு எதற்காகத் தோன்றியது என்ற கேள்விக்கு அறிஞர்கள் பலவிதமாக விடை சொல்லியிருக்கிறார்கள். வரிச்சுமை என்பார் சிலர். அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறக் கூடாதென்று 1763இல் பிரிட்டிஷ் மன்னர் போட்ட தடை என்பார் சிலர். ஜான் லாக்கின் அரசியல் சிந்தனை என்பார் மற்றும் சிலர். இவர்கள் எல்லோரும் மூல ஆவணங்களைப் புரட்டினார்களே தவிர, ஒருவராவது வினாத்தாளைப் புரட்டியதாகத் தெரியவில்லை. அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. 1607இல் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் குடியேறியது முதல் நடந்தவை அனைத்தும், பிற்காலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவர் நான்கு விடைகளுக்கு நடுவே திணற வேண்டும் என்ற ஒரே குறிக்கோளோடு திட்டமிட்டு நடத்தப்பட்டவை என்பதும், சுதந்திரமும் மக்களாட்சியும் அந்தத் திட்டத்தின் உபரி விளைவுகளே என்பதும் நம் கருதுகோள்.

அந்த மாணவரின் நிலையை முதலில் விளக்கிவிடலாம். அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு பாடத்தை முடித்ததற்கு அடையாளம் கிரெடிட். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னகி அறக்கட்டளை வகுத்த அளவுகோலின்படி, ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 120 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தால் ஓர் அலகு. உட்காரப் பொறுமையில்லாதவருக்கு மாற்று வழியாகத் தேர்வு இருக்கிறது. டெக்சஸ் மாநிலத்தில், வகுப்பில் பயிலாமலே ஒரு பாடத்தைத் தேர்வெழுதிக் கடக்க விரும்புபவர் 100க்கு 80 எடுத்தாக வேண்டும். எனவே ஒரு கோடை விடுமுறைக்குள் பியூரிட்டன்களைக் கப்பலேற்றி, தேயிலையைக் கடலில் கொட்டி, அரசியலமைப்பை எழுதி முடித்துவிட வேண்டிய கட்டாயத்தில் மாணவர் இருக்கிறார். அவருடைய மேசையிலிருந்து பார்த்தால்தான் இந்த வரலாற்றின் உண்மையான வடிவம் புலப்படும்.

முதல் சான்று, நாட்டின் பிறந்தநாள். ஒரு நாடு சுதந்திரம் அடைய ஒரு தேதி போதும். அமெரிக்கா நான்கு தேதிகளை எடுத்துக்கொண்டது. 1776 ஜூலை 2இல் பிரிட்டனிடமிருந்து பிரிவது என்று காங்கிரஸ் வாக்களித்தது. ஜூலை 4இல் சுதந்திரப் பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றது. ஜூலை 8இல் அது பிலடெல்பியாவில் பொதுமக்கள் முன் வாசிக்கப்பட்டது. ஆகஸ்ட் 2இல்தான் பெரும்பாலோர் கையெழுத்திட்டார்கள். அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக எழுதிக்கொள்ளலாம். ஜூலை 2தான் வருங்காலத்தில் கொண்டாடப்படும் என்று ஜான் ஆடம்ஸே மனைவிக்குக் கடிதம் எழுதினார் என்றால், பொறி எவ்வளவு நேர்த்தியாக வைக்கப்பட்டிருந்தது பாருங்கள். இதே கைவண்ணம் 1781இல் யார்க்டவுனிலும் தெரிகிறது. தோற்ற பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் உடல்நிலை சரியில்லை என்று சொல்லிச் சரணடையத் தன் துணைத் தளபதி ஓ'ஹாராவை அனுப்பினார். ஓ'ஹாரா வாளைப் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவிடம் நீட்ட, அவர் வாஷிங்டனைக் கைகாட்ட, வாஷிங்டன் தன் துணைத் தளபதி லிங்கனைக் கைகாட்டினார். லிங்கன் என்றதும் மாணவர் துள்ளுவார். இவர் பெஞ்சமின் லிங்கன், ஆபிரகாம் பிறக்க இன்னும் 27 ஆண்டுகளுக்கு மேல் இருந்தன.

இரண்டாவது சான்று, பெயர்கள். பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் மாசசூசெட்ஸ் சார்பில் மட்டும் ஜான், சாமுவேல் என இரண்டு ஆடம்ஸ்கள். வர்ஜீனியா சார்பில் இரண்டு லீ சகோதரர்கள். 1787இல் அரசியலமைப்பில் கையெழுத்திட்ட 39 பேரில் பென்சில்வேனியாவுக்கு இரண்டு மோரிஸ்கள், உறவினர்கள்கூட இல்லை. தென் கரோலினா இன்னும் ஒரு படி மேலே போய், சார்லஸ் பிங்க்னி, சார்லஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னி என்று முதல் பெயரும் கடைசிப் பெயரும் ஒன்றேயான இருவரை அனுப்பிவைத்தது. உடன்படிக்கைகளிலும் இதே கதைதான். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர் 1763இல் பாரிஸ் உடன்படிக்கையால் முடிந்தது. விடுதலைப் போர் 1783இல் பாரிஸ் உடன்படிக்கையால் முடிந்தது. ஐரோப்பாவில் வேறு ஊரே இல்லையா என்று கேட்கும் மாணவருக்கு 1814இல் ஒரு மாற்று கிடைத்தது: கென்ட் நகரம். ஆனால் அங்கே பிரிட்டனோடு மூண்ட அடுத்த போருக்கு டிசம்பர் 24இல் சமாதானம் கையெழுத்தான பிறகு, 1815 ஜனவரி 8இல் நியூ ஆர்லியன்ஸில் பெரும் சண்டை போட்டுக் கால வரிசையைக் கலைத்தார்கள். கடல் கடந்து செய்தி வரத் தாமதமாயிற்று என்பது வழக்கமான விளக்கம். வினாத்தாளைப் பார்த்தவர்கள் அதை நம்பமாட்டார்கள்.

இதில் எதிரிகளும் ஒத்துழைத்தார்கள் என்பது வியப்பூட்டுகிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சர்க்கரைச் சட்டத்தை 1764இலும், முத்திரைச் சட்டத்தை 1765இலும், தன் அதிகாரத்தை அறிவிக்கும் சட்டத்தை 1766இலும், டவுன்ஷெண்ட் சட்டங்களை 1767இலும் இயற்றியது. வருமானம் மட்டுமே நோக்கமென்றால் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் போட்டிருக்கலாம். 'கால வரிசைப்படுத்துக' என்ற வினாவை மனத்தில் வைத்தவர்களால்தான் இப்படிப் பிரித்துப் பரிமாற முடியும்.

மறுப்புகளைக் கவனிப்போம். நால்விடை வினாவே 1910களில் கான்சாஸ் மாநிலத்தில் பிரெடரிக் கெல்லி உருவாக்கியது; 18ஆம் நூற்றாண்டினர் அதை எப்படி அறிவார்கள் என்று கேட்கலாம். அரசியலமைப்பின் முகவுரை, சுதந்திரத்தின் பலன் தங்களுக்கு மட்டுமன்றி வருங்காலத் தலைமுறைக்கும் உரியது என்று சொல்வதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்தத் தலைமுறையில் பள்ளி மாணவர்களும் அடக்கம். தவிர, மறைக்க ஒன்றுமில்லை என்றால், அரசியலமைப்பை எழுதியவர்கள் 1787ஆம் ஆண்டுக் கோடையில் கதவையும் சன்னலையும் மூடிக்கொண்டு, பேசியதை வெளியே சொல்வதில்லை என்று விதி செய்துகொண்டு உட்கார்ந்தது ஏன்? அவர்களில் ஒருவரான மேடிசன் எழுதிவைத்த குறிப்புகள் அவர் இறந்த பிறகு, 1840இல்தான் அச்சேறின. மற்றொரு மறுப்பு: ஒரே பெயர்க் குழப்பம் இங்கிலாந்திலும் உண்டு, எட்டு ஹென்றிகள் இருந்தார்களே என்பது. அந்த ஹென்றிகளுக்கு எண் இருந்தது. அமெரிக்கர்கள் மன்னரை ஒழித்தபோது எண்ணையும் சேர்த்து ஒழித்துவிட்டார்கள். முடியாட்சியை விடக் குடியாட்சியில் ஒரு மதிப்பெண் வினா கடினமாவதற்கு இதுவே காரணம்.

கருதுகோளை உண்மையிலேயே அசைக்கக்கூடிய மறுப்பு ஒன்றுதான். நால்விடைக்குள் அடங்காதவையும் இந்த வரலாற்றில் இருக்கின்றன. வர்ஜீனியாவில் மக்கள் பிரதிநிதிகளின் அவை முதன்முதலில் கூடியது 1619 கோடையில். சிறைபிடிக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அதே வர்ஜீனியாவில் கரையிறக்கப்பட்டதும் அதே ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில்தான். தேர்வு இவற்றை இரண்டு வினாக்களாகக் கேட்கும்; ஒரே மண்ணில் ஒரே ஆண்டில் இரண்டும் எப்படி ஒத்துப்போயின என்று கேட்க அதனிடம் கட்டமில்லை. பிரதிநிதித்துவத்துக்காக அடிமைகளை எந்தப் பின்னத்தில் கணக்கிட்டார்கள் என்றால், ஐந்தில் மூன்று என்று மாணவர் கறுப்பு வட்டமிட்டு ஒரு மதிப்பெண் வாங்கிவிடலாம். அந்தக் கணக்கு, வாக்கில்லாத அடிமைகளைக் காட்டி அவர்களுடைய எசமானர்களுக்குக் கூடுதல் இடம் தந்தது என்பது வட்டத்துக்கு வெளியே நிற்கும். வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்த ஜெபர்சன், பிரகடன வரைவில் அடிமை வணிகத்துக்காக மன்னரைச் சாடி ஒரு பத்தி எழுதியிருந்தார். காங்கிரஸ் அதை நீக்கிவிட்டது. அமெரிக்காவின் முதல் பாடத்திட்டக் குறைப்பு அதுதான்.

இந்த மறுப்பை ஏற்றுக்கொண்டே நம் கருதுகோளைக் காப்பாற்ற முடியும். தவறான விடைகள் என்று அச்சாகும் மூன்றும் பொய்கள் அல்ல. இடம் மாறி நிற்கும் உண்மைகள். கார்ன்வாலிஸையே எடுத்துக்கொள்வோம். யார்க்டவுனோடு அமெரிக்கப் பாடநூல் அவரைக் கைவிட்டுவிடுகிறது. அவரோ 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு மாற்றலாகி வந்து, 1792இல் சீரங்கப்பட்டணத்தில் திப்புவின் பாதி நாட்டைப் பறித்து, சேலத்தையும் பாராமகாலையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் சேர்த்தார். அங்கே தோற்றவர் யார் என்ற வினாவுக்குச் சரியான விடையாக இருப்பவர், இங்கே வென்றவர் யார் என்பதற்கும் சரியான விடை. ஆகவே மாணவர் சரியான விடையைக் கண்டதும் அடுத்த வினாவுக்குத் தாவாமல், மற்ற மூன்றும் எந்த வினாவுக்குச் சரியாக இருக்கும் என்று தேடட்டும். அப்படித் தேடியவர் 80ஐத் தாண்டிவிடுவார். கூடவே, தேர்வு கேட்காமல் விட்ட வரலாற்றையும் கற்றுக்கொண்டுவிடும் அபாயம் இருக்கிறது. அதற்குக் கிரெடிட் கிடையாது.