சனியும் செவ்வாயும் முறைத்துக்கொண்டால்?

கேள்வி: என் மகள் ஜாதகத்தில் சனியும் செவ்வாயும் ஏழாம் பார்வையாக ஒன்றையொன்று பார்க்கின்றனவாம். வருகிற வரனெல்லாம் தட்டிப்போகிறது. பயப்பட வேண்டுமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. ஜோதிடத்தில் செவ்வாய் வேகம், சனி நிதானம். ஒருவர் 'உடனே கிளம்பு' என்பார். மற்றவர் 'விடியட்டும்' என்பார். இந்த இழுபறியால் கோபமும் தாமதமும் வரும் என்பது பலன். கணக்கையும் பாருங்கள்: ராசி மண்டலத்தைச் சுற்றிவரச் செவ்வாய்க்குச் சுமார் 2 ஆண்டு, சனிக்குச் சுமார் 30. ஆகவே ஏறத்தாழ 2 ஆண்டுக்கு ஒருமுறை இருவரும் எதிரெதிரே வந்தே தீருவார்கள். அந்த வாரங்களில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இதே பார்வைதான். அத்தனை பேருக்குமா கல்யாணம் நின்றுபோனது? கட்டத்தை மடித்து வைத்துவிட்டு, பையனோடு மனம்விட்டுப் பேச மகளை விடுங்கள். குடித்தனம் நடத்தப்போவது அவர்கள் இருவரும்தானே!