புழு சொல்லிக்கொடுத்த பொறியியல்

கேள்வி: ஊருக்கு அடியில் மெட்ரோவுக்கும் கழிவுநீருக்கும் சுரங்கம் தோண்டும்போது, மேலே இருக்கும் மண் ஏன் சரிந்து விழுவதில்லை?

பதில்: விட்டால் கட்டாயம் சரியும்! விடாமல் பிடித்துக்கொள்வதுதான் அந்த வித்தை. அதைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், கப்பல் பலகையைத் துளைக்கும் கப்பல்புழு. பெயர்தான் புழு, பிறப்பால் சிப்பி இனம். ஓட்டால் மரத்தை அரித்தபடி முன்னே போகும். பின்னாலேயே வழிநெடுகச் சுண்ணாம்பு பூசிக்கொள்ளும். இதைக் கவனித்த பொறியாளர் மார்க் புரூனல், சுரங்கம் தோண்டும் கவசமுறைக்கு 1818-ல் காப்புரிமை பெற்றார். லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியில் 1825-ல் சுரங்க வேலை தொடங்கியது. இரும்புக் கவசத்தில் 36 அறைகள், அறைக்கு ஓர் ஆள். முன்னால் மண்ணைத் தாங்கும் பலகைகளை ஒவ்வொன்றாக விலக்கி, கொஞ்சம் மண் எடுத்து, மறுபடி மூடுவார். பின்னால் கொத்தனார் செங்கல் கட்டுவார்.

மேலே ஓடிய தேம்ஸோ அன்று ஊர்ச் சாக்கடை. அது கசிந்து தொழிலாளர்களை நோயில் தள்ளியது. 1828-ல் உடைத்துக்கொண்டு புகுந்து ஆறு பேரைக் கொன்றது. புரூனலோடு அவர்களையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டும். 1843-ல் திறந்த அந்தச் சுரங்கத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது. சென்னை மெட்ரோவைக் குடைந்த ராட்சத இயந்திரங்களும் அதே புழுவின் பேரப்பிள்ளைகள்தான்: முன்னே மண்ணை அழுத்திப் பிடித்தபடி அரிக்கும், பின்னே கான்கிரீட் வளையம் பூட்டும்.