புத்தம் புது அழுக்கு

இரும்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மனித இனம் துருவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் தடவினோம், ஈயம் பூசினோம், பெயின்ட் அடித்தோம். ஒரே ஒரு கூட்டம் மட்டும் சம்பளத்தில் பாதியைக் கொட்டிப் பளபளவென்று ஒரு குட்டி என்ஜின் வாங்கி, பெட்டியைப் பிரித்த கையோடு அதற்குத் துரு பூச உட்கார்ந்துவிடுகிறது. மாடல் ரயில்காரர்கள். ஒரே நாளில் அவர்கள் இந்தக் கதிக்கு வந்துவிடவில்லை. ஒரு பேரரசர், ஒரு மகாராஜா, ஒரு தகரக்காரர் குடும்பம், ஒரு டைனோசர் எனப் பலர் கைகோத்து உழைக்க வேண்டியிருந்தது.

ஆரம்பத்தில் எல்லாமே ஜொலிப்புதான். 1859 வாக்கில் பிரான்ஸின் மூன்றாம் நெப்போலியன், தன் மூன்று வயது மகனுக்காக சென்-க்ளூ அரண்மனைத் தோட்டத்தில் எட்டு வடிவத்தில் தண்டவாளம் போட்டு, சாவி கொடுத்தால் ஓடும் ரயில் விட்டார். போய்ச் சேர ஓர் ஊர் கிடையாது. புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். ஆனாலும் அப்பாவின் ஆட்சியைவிட அது ஒழுங்காக ஓடியது என்றே சொல்ல வேண்டும். ஆட்சி 1870ல் ஜெர்மானியர்களிடம் தடம் புரண்டது.

நம் நாட்டு ராஜாக்கள் இந்த விஷயத்தில் இன்னும் தெளிவானவர்கள். ரயில் என்றால் எதையாவது சுமந்து வர வேண்டும் என்பது அவர்கள் கட்சி. குவாலியர் ஜெய் விலாஸ் அரண்மனையில் மாதவராவ் சிந்தியாவின் சாப்பாட்டு மேஜைமேல் ஒரு வெள்ளி ரயில் வலம் வந்தது. விருந்து முடிந்ததும் பிராந்தியும் சுருட்டும் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு விருந்தாளியின் முன்னாலும் வரும். பாட்டிலைத் தூக்கினால் நிற்கும், வைத்தால் கிளம்பும். உலகத்திலேயே அசல் சரக்கு ரயில் அதுதான். அதில் ஒரு பொட்டு அழுக்கைக் காட்ட முடியுமா? காட்டியிருந்தால் துடைக்கிறவர் வேலை போயிருக்கும்.

அரண்மனைக்குள் இருந்த பைத்தியத்தை வீதிக்கு இழுத்து வந்தது ஒரு சமையலறை. ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரில் தகர வேலைக்காரரான தியோடர் மார்க்லின், 1859ல் பொம்மை வீட்டுக்கான சட்டி பானை செய்து விற்கத் தொடங்கினார். மனைவி கரோலின் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தார். அந்த வியாபாரத்தில் குடும்பம் ஒரு ரகசியத்தைக் கற்றது: அடுப்பு வாங்கியவள் அடுத்த பண்டிகைக்கு வாணலி கேட்பாள். 1891ல் லைப்சிக் சந்தையில் மார்க்லின் நிறுவனம் அதே ரகசியத்தைத் தண்டவாளத்தின்மேல் ஏற்றியது. பாதையின் அகலத்துக்கு எண் கொடுத்து அளவை நிலைநிறுத்தியது; என்ஜின், பெட்டி, ஸ்டேஷன், பாலம் எல்லாம் தனித்தனியாக, ஆனால் ஒன்றோடொன்று பொருந்தும்படி வந்தன. அன்றைக்குத் திறந்த அப்பாக்களின் மணிபர்ஸ் இன்னும் மூடவில்லை.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் என்ற இளைஞர், கடை ஜன்னலில் கூட்டம் சேர்க்க மின்சாரத்தில் ஓடும் ஒரு வண்டியைச் செய்து கொடுத்தார். வந்தவர்கள் கடையில் இருந்த சாமானை விட்டுவிட்டு வண்டிக்கு விலை கேட்டார்கள். 1900ல் பிறந்த அவருடைய லயனல் கம்பெனி அப்புறம் அமெரிக்கக் கிறிஸ்துமஸையே குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. அத்தனை கெட்டிக்காரக் கம்பெனி, 1957ல் பெண் குழந்தைகளுக்காக என்று ரோஸ் நிறத்தில் ஒரு நீராவி ரயிலை இறக்கியது. சிறுமிகள் சீண்டவே இல்லை. ரயில் என்றால் கன்னங்கரேலென்று இருக்க வேண்டும் என்கிற பொது அறிவு, போர்டு ரூம் பெரியவர்களைவிட அவர்களுக்கு அதிகம் இருந்தது. அந்தச் சரக்கு அன்றைக்குக் கடையில் தேங்கியது. இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் அதற்காக அடித்துக்கொள்கிறார்கள்.

பிரிட்டிஷ்காரர்கள் கதை வேறு. உலகம் பெரும்பாலும் 87ல் ஒரு பங்கு என்ற அளவில் ரயில் செய்துகொண்டிருந்தது. பிரிட்டன் என்ஜின்கள் நிஜத்திலேயே கொஞ்சம் ஒல்லி. அந்த அளவில் சுருக்கினால் அக்காலத்து மோட்டார் உள்ளே நுழையவில்லை. உடம்பை மட்டும் 76ல் ஒரு பங்காகப் பெரிதாக்கினார்கள், பாதையைப் பழைய 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். நாலடி எட்டரை அங்குலம் இருக்க வேண்டிய பாதை, கணக்குப் பார்த்தால் நாலடி ஒன்றரை அங்குலம்தான் தேறுகிறது. 1802ல் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு மொத்த இந்தியாவையும் அளக்கத் தொடங்கிய அதே இனம், தன் வீட்டு மேஜையில் ஏழு அங்குலத்தைக் கோட்டைவிட்டு இன்றுவரை கண்டுகொள்ளாமல் இருக்கிறது.

எல்லாப் பொழுதுபோக்குக்கும் ஒரு கெட்ட உறவினர் உண்டு. இதற்கு ஹெர்மன் கோரிங். நாஜி விமானப் படைத் தலைவரான அவர், பெர்லினுக்கு வடக்கே இருந்த காரின்ஹால் மாளிகையில் பெரிய பொம்மை ரயில் அமைப்பு வைத்திருந்தார். மேலே கம்பியில் தொங்கியபடி குட்டி விமானங்கள் வந்து ரயில்மேல் குண்டு போடும். 1937ல் வீட்டுக்கு வந்த முன்னாள் பிரிட்டிஷ் மன்னர் வின்ட்சர் கோமகனுக்கும் அந்த ரயிலை ஓட்டிக் காட்டினார். முடிதுறந்தவருக்கும் வேறு வேலை இல்லை. 1945ல் ரஷ்யப் படை நெருங்கியபோது அந்த மாளிகையைத் தரைமட்டமாக்கியது எதிரி விமானம் கிடையாது; கோரிங்கின் ஆட்களே வெடி வைத்தார்கள்.

சரி, துருவுக்கு வருவோம். அதன் மூலவர் ஜான் ஆலன். 1913ல் பிறந்த அமெரிக்கர், தொழில்முறைப் புகைப்படக்காரர். கேமராவுக்குப் பொம்மை ரயிலைக் காட்டியபோது அவருக்கு ஒன்று உறுத்தியது: எல்லாம் இப்போதுதான் குளித்து வந்ததுபோல் இருக்கிறது. நிஜ ரயில் எப்போது குளித்தது? உடனே தூரிகையை எடுத்தார். புகைபோக்கிப் பக்கம் கரி, தண்ணீர்த் தொட்டி வழியும் இடத்தில் துருக் கோடு, சக்கரத்தருகே புழுதி, வெளுத்துப் போன பலகை, ஓட்டை விழுந்த கூரை. பார்த்தவர்கள் முதலில் பதறினார்கள், பிறகு பொறாமைப்பட்டார்கள், கடைசியில் வீட்டுக்குப் போய்த் தங்கள் என்ஜினையும் பாழாக்கினார்கள்.

கலிபோர்னியாவின் மான்டரேயில், 1953க்குப் பிறகு தன் வீட்டு நிலவறை முழுக்க ஆலன் ஒரு மலைநாட்டை எழுப்பினார். தன் ரயில்வேக்கு அவர் வைத்த பெயரை உரக்கச் சொன்னால் 'கோரி அண்ட் டிஃபீட்டட்', அதாவது ரத்தக் களறியும் தோல்வியும், என்று காதில் விழும். பங்குதாரர்கள் இல்லாத கம்பெனிக்கு அப்படிப் பெயர் வைக்கலாம். மலைகள் கூரையைத் தொட்டன, பள்ளத்தாக்குகள் தரைவரை இறங்கின. சட்டத்தின்மேல் வலையை வளைத்துக் கட்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை அப்பி, பாறைக்கு நிறம் தீட்டுவது இந்தத் தொழிலின் கொத்தனார் வேலை. புல்லுக்குச் சாயம் போட்ட மரத்தூள், மண்ணுக்குச் சலித்த நிஜ மண், கரிக்கு நொறுக்கிய நிஜக் கரி. மரத்துக்கு வட ஐரோப்பியக் குளிரில் வளரும் ஒரு பாசி. நம் மசாலாவில் போடும் கல்பாசிக்குத் தூரத்துச் சொந்தம். தண்ணீருக்கு மட்டும் தண்ணீர் உதவாது. அலையையும் துளியையும் 87 மடங்கு சுருக்க முடியாது என்பதால் அங்கே வார்னிஷும் பிசினும்தான் ஆறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த அளவில் ஒரு மைல் என்பது சுமார் 60 அடி. எவ்வளவு பெரிய நிலவறை கட்டினாலும் இரண்டு ஊருக்கு நடுவே ஒரு நல்ல தூக்கம்கூடப் போட முடியாது. ஆலன் சுவர் மூலைகளில் கண்ணாடிகளை ஒளித்து வைத்து, ஒரு தெருவை இரண்டாக்கினார். கடிகாரத்தையும் இந்தக் கூட்டம் விடவில்லை. முள்ளைப் பத்துப் பன்னிரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குமுன் ஒரு முழு நாள் கால அட்டவணையை முடித்துவிடுவார்கள். நம்மூர் ரயில் அதிகாரிகள் யாரும் இதைப் படித்துவிட வேண்டாம்.

இத்தனை தத்ரூபத்துக்கும் நடுவே, ஆலனின் யார்டில் பெட்டிகளைத் தள்ளி ஷண்டிங் செய்ய ஒரு ஸ்டெகோசரஸ் இருந்தது. பெயர் எம்மா, எண் 13. கூரையில் ஆணி துருப்பிடித்த கறைவரை வரைந்தவர், பக்கத்திலேயே டைனோசரை வேலைக்கு வைத்தார். சுற்றிலும் அழுக்கு சரியாக இருந்ததால் எம்மாவையும் ஜனங்கள் நம்பினார்கள்.

1973 ஜனவரியில் ஆலன் மாரடைப்பில் காலமானார். பத்து நாள் கழித்து வீட்டில் தீப்பிடித்து அந்த மலைநாட்டில் பெரும்பகுதி அழிந்தது. வாழ்நாள் முழுக்கத் தூரிகையால் புகைக்கரி தீட்டியவரின் ஊருக்குள் அசல் கரி அழையாமல் நுழைந்தது. பிழைத்தவை அவர் எடுத்த படங்கள். அவற்றைப் பார்த்துத்தான் உலகம் இன்னும் அழுக்காகிக்கொண்டிருக்கிறது.

ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட்டும் அந்தப் பரம்பரைதான். லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டு மேல்தளத்தில் 1940களின் அமெரிக்க நகரம் ஒன்றை இருபது வருடங்களுக்கு மேலாகக் கட்டினார். கச்சேரிக்கு ஊர் ஊராகப் போகும்போது, குட்டிக் கட்டடங்கள் செய்ய ஹோட்டலில் தனியாக ஓர் அறை போடுவாராம். ராக் நட்சத்திரத்தின் ஹோட்டல் அறையில் ராத்திரி விளக்கு எரிந்தால் ஊர் என்னென்னவோ நினைக்கும். உள்ளே அவர் ஒரு கிடங்குக்குப் புகைக்கறை ஏற்றிக்கொண்டிருப்பார். 2019ல் படங்கள் வெளியானதும், இதை அவரே செய்திருப்பாரா என்று பிபிசி வானொலியில் ஒரு சந்தேகம் கிளம்பியது. மனிதர் நிகழ்ச்சிக்கே போன் போட்டு, தொண்ணூறு சதவீதம் என் கை வேலை என்று அடித்துச் சொன்னார். பாட்டைக் குறை சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பார்.

ஹாம்பர்கில் இரவு விடுதி நடத்திவந்த இரட்டையர்கள் பிரெடெரிக், கெரிட் பிரவுன். 2000ல் சூரிச்சில் ஒரு மாடல் ரயில் கடையைப் பார்த்த பிரெடெரிக், உலகத்திலேயே பெரிய ரயில் அமைப்பைக் கட்டலாம் என்று கெரிட்டுக்குப் போன் மேல் போன் போட்டார். சகோதரனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. 2001 ஆகஸ்டில் பழைய துறைமுகக் கிடங்கு ஒன்றில் மினியேச்சர் வொண்டர்லேண்ட் திறந்தது. அங்கே பதினைந்து நிமிடத்தில் ஒரு நாள் முடிந்து தெருவிளக்கு எரியும். 2011ல் சுமார் 35 லட்சம் யூரோ செலவில் விமான நிலையமும் வந்தது. குட்டி விமானங்கள் ஓடுபாதையில் ஓடி மேலேறிப் போகின்றன.

லட்சக்கணக்கான பேர் வந்துபோகும் அந்த இடத்தில், வீட்டு நிலவறையைப் போலவே, ஓயாத பகை ஒன்று உண்டு: தூசி. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உள்ள துகளை 87ஆல் பெருக்கிப் பாருங்கள், ஜல்லிக்கல் ஆகிவிடும். உதிர்ந்த தலைமுடி, தெருவின் குறுக்கே விழுந்த கொச்சைக் கயிறு. நிஜ அழுக்கு அளவுக்கு மீறிப் பெரியது என்பதால், பொய் அழுக்குக்கு முன்னால் அது போலியாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு மாடல் ரயில்காரரும் மிருதுவான தூரிகையோடு குனிந்து, நாள்கணக்கில் பார்த்துப் பார்த்துத் தீட்டிய அழுக்கின்மேல் படிந்த அழுக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து, வீட்டு ஜன்னல் கம்பி துருப்பிடித்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். ஆவலோடு எழுந்து வருவார், கையில் கலர் டப்பாவோடு, அந்த நிறம் எப்படி வருகிறது என்று பார்க்க.