டார்ச் லைட்டும் பால் கணக்கும்

பிரசவ காலத்தில் புருஷனுக்கு என்ன வேலை என்ற கேள்விக்குத் திருச்சிராப்பள்ளி மலைமேல் எழுந்தருளியிருக்கும் தாயுமானவர் எப்போதோ விடை சொல்லிவிட்டார் என்பது, என் மனைவிக்கு மாதம் நிறைந்து, நான் லீவு போட்டுக்கொண்டு தெப்பக்குளத்துக்குப் பக்கத்திலுள்ள மாமனார் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விளங்கிற்று. காவிரியில் வெள்ளம் வந்து தாயார் அக்கரையிலேயே தங்கிவிட, தனியே தவித்த ரத்னாவதி என்ற பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க ஈசன் எந்த வேஷத்தில் வந்தார்? அந்தத் தாயின் வேஷத்தில் வந்தார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகிய அவருக்குப் புருஷன் வேஷம் வெகு சுலபம். ஆயினும் சர்வக்ஞர் அல்லவா, அதனால் காலணாப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்துவைத்திருந்தார்.

டாக்டரம்மாள் மார்ச் 10 என்று தேதி கொடுத்திருந்தார். ஆபீஸில் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தத் தேதியின்மீது அளவற்ற பக்தி. கடைசியாக வீட்டுக்கு விலக்கான முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டி, மூன்று மாதத்தைக் கழித்து, வருஷத்தை மட்டும் ஒன்று ஏற்றிக்கொள்ளும் இந்தக் கணிதம், 1778-இல் பிறந்த நேகலே என்ற ஜெர்மானியப் பிரசவ வைத்தியரின் பெயரால் வழங்குவது. மொத்தம் 280 நாள். என் மாமியார் இதை ஒப்பவில்லை. "பிள்ளைக்குப் பத்து மாசம். ஒன்பது என்று யார் சொன்னது?" என்றார். இராத்திரி முழுக்க விழித்து வகுத்துப் பார்த்ததில், மாதத்துக்கு 28 நாள் என்று கொண்டால் 280 நாள் பிசகில்லாமல் பத்து மாதமாகிறது, ஆகவே ஜெர்மனியும் என் மாமியாரும் சொல்வது ஒன்றே என்று கண்டுபிடித்து, அந்தச் சமரசத்தை விடிந்ததும் அவரிடம் சமர்ப்பித்தேன். "அது கிடக்கட்டும் மாப்பிள்ளை, பால்காரர் வந்திருக்கிறார். சும்மாதானே இருக்கிறீர்கள், இனிமேல் பால் கணக்கை நீங்களே எழுதுங்கள்" என்றார்.

ஒரு நாள் அவர், தூரத்திலிருந்து மகளை ஒரு பார்வை பார்த்து, "வயிறு இறங்கிவிட்டது" என்று தீர்ப்புச் சொன்னார். குழந்தையின் தலை இடுப்புக்கூட்டுக்குள் இறங்கியதால் மேலே மூச்சுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது வாஸ்தவம். ஆனால் கீழே மூத்திரப்பைக்கு இருந்த இடம் பறிபோயிற்று. அதன் பயனாக இரவில் ஐந்தாறு தடவை கொல்லைக்குப் போகவேண்டியதாக, டார்ச் லைட் பிடிக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. கால் வீங்கியிருந்தபடியால் அவள் என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பாள். நான் வெறுங்காலோடு, நெருஞ்சி முள்ளை எண்ணிக்கொண்டே பின்னால் போவேன். "என்னங்க, முதுகில் வெளிச்சம் அடித்தால் என் நிழல்தான் எனக்குத் தெரிகிறது. முன்னால் வாங்க" என்றாள். முன்னால் போய், அவள் முகத்தில் கூசாமல் பாதத்தில் மட்டும் ஒளி விழும்படி பின்னோக்கியே நடந்து, துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தேன். உட்கார வேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை.

அப்புறம் பொய் வலி. பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1872-இல் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. மாமியார் அகராதியில் இதற்குச் சூட்டு வலி என்று பெயர். சீரகத்தை வறுத்துக் கஷாயம் வைத்துக் கொடுப்பார். சூட்டு வலியானால் அடங்கும், பிள்ளை வலியானால் ஓங்கும். மூன்று முறை வந்தது. மூன்று முறையும் கஷாயத்தோடு அடங்கிற்று. ஒவ்வொரு தடவையும் வலி எப்போது ஆரம்பித்தது, எத்தனை நிமிஷம் நீடித்தது என்று நோட்டுப் புத்தகத்தின் முன்பக்கத்தில் கோடு போட்டு எழுதினேன். பால் கணக்கு அதே நோட்டின் பின்பக்கத்தில்.

மார்ச் 10, வியாழக்கிழமை, வந்தது, போயிற்று. அன்று வாசலில் கறந்துகொண்டிருந்த மாடு செம்பை உதைத்துவிட்டதைத் தவிர வேறு விசேஷம் இல்லை. நூறு குழந்தைகளில் சுமார் ஐந்துதான் சொன்ன தேதியில் பிறக்கும் என்று டாக்டரம்மாள் பிற்பாடு சாவதானமாகத் தெரிவித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கஷாயம் தோற்றது. ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக வலி ஓங்கவே, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வலி?" என்று நர்ஸம்மா கேட்டதும், ஜன்மம் எடுத்ததே இதற்காகத்தான் என்பதுபோல் நோட்டை நீட்டினேன். அவர் அதைப் பின்பக்கமாகத் திறந்தார். "காலை 2, மாலை 1" என்று படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். "வியாழன்: உதைத்து எல்லாம் கொட்டிவிட்டது" என்ற வரிக்கு வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"வியாழக்கிழமையே பனிக்குடம் உடைந்திருக்கிறது! மூன்று நாளாக வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள், "அது மாடும்மா" என்றார் மாமியார்.

நர்ஸம்மா நோட்டை மூடி, இரண்டு விரலால் பிடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "மாப்பிள்ளை, நீங்கள் வெளியே பெஞ்சில் இருங்கள்" என்றார் மாமியார், பரிவோடுதான்.

பெஞ்சில் ஏற்கெனவே மூன்று புருஷர்கள் இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. ஓரத்தில் இருந்தவர் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். பட்டப்பகலில் அவர் மடியில் ஒரு டார்ச் லைட் இருந்தது.